எத்தனை எக்ஸ் என்று கேட்பதற்கு முன்: மலை வேட்டைக்கு ஒரு சின்ன ஸ்பாட்டிங் ஸ்கோப்

ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே வரும் கேள்வி "எத்தனை எக்ஸ்?", அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. அதற்கு அடுத்தது "எவ்வளவு தூரம் வரை தெரியும்?" இரண்டுமே தப்பான முனையில் தொடங்குகிற கேள்விகள். நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, வெறும் கண்ணுக்கே தெரிகிறது. தூரத்தில் இருப்பது தெரிவதில் ஒரு சிக்கலும் இல்லை. அங்கே இருப்பதில் எவ்வளவு சின்ன விவரத்தைப் பிரித்துப் பார்க்க முடிகிறது, எந்த வெளிச்சத்தில் முடிகிறது, அதற்காக எத்தனை கிலோவை முதுகில் ஏற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான் விஷயம். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் ஆளுக்கொரு கருத்து சொல்கிறார்கள், புதிதாக வருபவர் குழம்பிப் போய்ப் பெட்டியில் எந்த எண் பெரிதாக இருக்கிறதோ அதை வாங்கிவிடுகிறார்.

இங்கே பேசுவது முதுகுப்பை வேட்டைக்கான கருவியைப் பற்றி. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள், அலாஸ்கா, கனடாவின் மலைகள் ஆகிய இடங்களில் கூடாரம், சாப்பாடு, துப்பாக்கி எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு பல நாள் மலையிலேயே தங்கி வேட்டையாடும் முறை அது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு இடமில்லை. ஆனால் பழவேற்காட்டிலோ கோடியக்கரையிலோ பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் கீழே வரும் கணக்குகள் அப்படியே பொருந்தும், ஒளி எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வளைகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். ஸ்கோப் என்றதும் பலருக்குத் துப்பாக்கி மேல் மாட்டியிருக்கும் குழல்தான் நினைவுக்கு வரும். அது குறி வைப்பதற்கு. ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது துப்பாக்கியோடு எந்தத் தொடர்பும் இல்லாத, டிரைபாடில் மாட்டி ஒற்றைக் கண்ணால் பார்க்கிற ஒரு சிறிய தொலைநோக்கி. துப்பாக்கி ஸ்கோப் வழியாகவே மலைச்சரிவைத் துழாவுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. பார்வை போகிற இடமெல்லாம் துப்பாக்கி முனையும் போகிறது, எதிர்ச்சரிவில் அசைவது இன்னொரு மனிதராக இருக்கலாம்.

இதைச் சுமந்துகொண்டு ஏன் ஏற வேண்டும்?

அலாஸ்காவின் டால் செம்மறியை எடுத்துக்கொள்ளுங்கள். பால் வெள்ளை நிறம், பாறை முகடுகளில் வாழும் காட்டு ஆடு. அங்கே பெரும்பாலான பகுதிகளில் வேட்டைக் காலம் ஆகஸ்ட் 10 முதல் செப்டம்பர் 20 வரை. அந்தப் பகுதிகளில் எந்தக் கிடாவை வேண்டுமானாலும் சுட்டுவிட முடியாது. பக்கவாட்டில் பார்க்கும்போது கொம்பு 360 பாகையும் சுற்றி ஒரு முழு வட்டம் வந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பு நுனிகளும் உடைந்திருக்க வேண்டும், அல்லது கிடாவுக்குக் குறைந்தது 8 வயது ஆகியிருக்க வேண்டும். தப்பான கிடாவைச் சுட்டால் அது சட்டப்படி குற்றம்.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? கொம்பில்தான். கோடையில் கொம்பு வளரும், குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுவிடும், நின்ற இடத்தில் கொம்பைச் சுற்றி ஒரு பள்ளமான வளையம் விழும். ஆண்டுக்கு ஒன்று. இளம் வயது வளையங்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கும். வயதாக ஆகக் கொம்பின் வளர்ச்சி குறைவதால், கடைசியாக விழுந்த வளையங்கள் தலையை ஒட்டி, அடியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நடுவே பொய் வளையங்களும் உண்டு, மேலோட்டமான சுருக்கம் போல இருக்கும், கொம்பை முழுதாகச் சுற்றி வராது. கிடா படுத்து அசைபோட்டுக்கொண்டே தலையை அப்படி இப்படித் திருப்பும், வெயில் ஒரு பக்கமாக விழும்போது மட்டும் பள்ளத்தில் நிழல் கட்டி வளையம் தெரியும், தலை திரும்பியதும் மறைந்துவிடும். ஏழா எட்டா என்பது அந்த நெருக்கியடித்த கடைசிப் பகுதியில்தான் முடிவாகும்.

கொலராடோவிலும் இதே மாதிரி ஒரு விதி இருக்கிறது. அங்கே பல பகுதிகளில் ஆண் எல்க் மானுக்கு ஒரு பக்கக் கொம்பிலாவது 4 கிளைகள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெற்றியை ஒட்டிய முதல் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும்.

சரி, இதிலிருந்து நமக்குக் கிடைப்பது என்னவென்றால், விலங்கு எங்கே இருக்கிறது என்று தேடுவது பைனாகுலரின் வேலை. 10×42 மாதிரி ஒன்று (10 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) அதற்குப் போதும், இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் மணிக்கணக்காகத் தேடினாலும் அலுப்பு தட்டாது. கண்டுபிடித்த விலங்கு சட்டத்துக்கு உட்பட்டதா, அந்த முகடு வரை ஏறுவது வீண்போகாதா என்று தீர்மானிப்பதுதான் ஸ்கோப்பின் வேலை. ஸ்கோப்பைத் தேடுவதற்கு வாங்குகிறவர் தேவையில்லாமல் பெரியதை வாங்குகிறார்.

பெட்டியில் இருக்கும் எண்கள்

17-40×56 என்று போட்டிருந்தால், முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கம், அதாவது பொருள் எத்தனை மடங்கு அருகில் வந்தது போலத் தெரியும் என்பது. 17 மடங்கிலிருந்து 40 மடங்கு வரை வளையத்தைத் திருகி மாற்றிக்கொள்ளலாம். கடைசி எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஒளி உள்ளே நுழைகிற வாசல் அது. வாங்குகிறவர்கள் முதல் எண்களைப் பார்க்கிறார்கள், நான் பார்க்கச் சொல்வது கடைசி எண்ணை. ஒரு ஸ்கோப்பால் என்ன முடியும், என்ன முடியாது என்பதில் பெரும்பகுதியை அதுவே நிர்ணயித்துவிடுகிறது, எடையையும் சேர்த்து.

பெரிதாகத் தெரிவது வேறு, விவரம் தெரிவது வேறு

போனில் எடுத்த படத்தில் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க இரண்டு விரலால் விரித்துப் பார்த்திருப்பீர்கள். ஓரளவு வரை விரிக்க விரிக்க எழுத்து புலப்படும். அதற்கு மேல் விரித்தால் பிளேட் பெரிதாகும், எழுத்து மட்டும் வராது, ஏனென்றால் படத்தில் அந்த விவரமே பதியவில்லை. ஸ்கோப்பிலும் நடப்பது இதுதான். முன் லென்ஸ் எவ்வளவு விவரத்தைப் பிடித்துக் கொடுக்கிறதோ அதைத்தான் பின்னால் இருக்கும் லென்ஸ் விரித்துக் காட்ட முடியும்.

இந்த எல்லைக்குப் பெயர் பகுதிறன்: பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே பிரித்துக் காட்டும் திறன். ஒளி அலையாக இருப்பதால் எந்த லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே காட்ட முடியாது, சின்ன வட்டமாகப் பரப்பித்தான் காட்டும், லென்ஸின் விட்டம் கூடினால் அந்தப் பரவல் குறையும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வானியலாளர் வில்லியம் டாஸ் இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்தார். 116ஐ லென்ஸின் விட்டத்தால் வகுத்தால், பிரிக்க முடிகிற மிகச் சிறிய கோணம் விகலையில் கிடைக்கும், ஒரு பாகையில் 3,600 விகலை.

கணக்கை நான் போட்டுத் தருகிறேன். 56 மி.மீ. லென்ஸ் ஒரு கிலோமீட்டர் தொலைவில் சுமார் 1 செ.மீ. இடைவெளியைப் பிரிக்கும். 85 மி.மீ. லென்ஸ் சுமார் 6.6 மி.மீ. வரை பிரிக்கும். இது லென்ஸ் பிசிறில்லாமல் இருந்து, காற்றும் அசையாமல் நின்றால்.

இப்போது கண்ணின் பக்கம். நல்ல பார்வை உள்ளவருக்கு வெறும் கண்ணால் ஒரு கிலோமீட்டரில் சுமார் 29 செ.மீ. இடைவெளி பிரியும். 30 மடங்கு பெருக்கினால் அது சுமார் 1 செ.மீ. ஆகிவிடும். அதாவது 56 மி.மீ. லென்ஸ் தரக்கூடிய விவரம் முழுவதையும் ஏறக்குறைய 30 எக்ஸிலேயே கண் வாங்கிக்கொள்கிறது. 40 வரை போவதில் ஒரு வசதி இருக்கிறது, கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. அதே லென்ஸில் 60, 70 என்று போவது காலிப் பெருக்கம்தான்: உருவம் பெரிதாகும், மங்கும், புதிதாக எதுவும் தெரியாது. சின்ன லென்ஸ் வைத்துக்கொண்டு பெட்டியில் பெரிய எக்ஸ் போட்டிருக்கும் ஸ்கோப்பை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. 85 மி.மீ. ஸ்கோப் ஒரு கிலோமீட்டரிலிருந்து காட்டும் விவரத்தை 56 மி.மீ. ஸ்கோப் சுமார் 660 மீட்டரிலிருந்து காட்டிவிடும். இடையில் இருப்பது 340 மீட்டர். சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவருக்கு அந்த 340 மீட்டர் போக முடியாத தூரம், அவருக்குப் பெரிய ஸ்கோப்தான் சரி. முதுகுப்பையோடு மலையில் இருப்பவர் நடந்து போகத்தான் வந்திருக்கிறார். பாறை மறைவில் அந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ள அவரால் பெரும்பாலும் முடியும், பை லேசாக இருந்தால் இன்னும் எளிதாக முடியும். நடுவில் பனியாறோ செங்குத்துப் பள்ளமோ குறுக்கிட்டால் மட்டும்தான் பெரிய லென்ஸ் இல்லையே என்ற ஏக்கம் வரும்.

சுருக்கமாக: விவரத்தை முன் லென்ஸ் பிடிக்கிறது, உருப்பெருக்கம் அதை விரிக்கிறது. சின்ன ஸ்கோப்புக்கு 30ஐ ஒட்டிய பெருக்கம்தான் உண்மையான வேலைக்களம்.

விடியலிலும் அந்தியிலும்

கொலராடோவில் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்புவரை வேட்டைக்கு அனுமதி. மான்களும் அந்த இரண்டு முனைகளில்தான் வெளியே வந்து மேயும். அதனால் மங்கல் வெளிச்சத்தில் ஸ்கோப் எப்படி நடந்துகொள்கிறது என்பது முக்கியம்.

ஸ்கோப்பின் பின்பக்கம் வழியாக வெளியே வரும் ஒளிக்கற்றைக்கு ஒரு அகலம் உண்டு. அதை எக்ஸிட் பியூப்பில் என்பார்கள். முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 56ஐ 17ஆல் வகுத்தால் 3.3 மி.மீ., 40ஆல் வகுத்தால் 1.4 மி.மீ. நம் கருவிழியின் நடுத் துளை பகல் வெயிலில் 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கும், இருட்டில் 5 முதல் 7 மி.மீ. வரை விரியும், வயதானால் அவ்வளவு விரியாது. பகலில் 1.4 மி.மீ. கற்றை ஒரு தொந்தரவும் தராது. அந்தியில் கண் 5 மி.மீ. விரிந்து காத்திருக்கும்போது 1.4 மி.மீ. கற்றை வந்தால் பரப்பளவுக் கணக்கில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒளிகூடக் கிடைக்காது. மான் இருக்கும், கிளைகள் சாம்பலில் கரைந்திருக்கும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது பெருக்கத்தைக் குறைப்பது. அதனால்தான் ஸ்கோப்பின் மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணை நான் பெரிதாக மதிக்கிறேன். 11 அல்லது 15 எக்ஸில் தொடங்கும் ஸ்கோப் அந்தியிலும் வேலை செய்யும், பார்வைப் பரப்பும் அகலமாக இருப்பதால் பைனாகுலரில் கண்ட விலங்கைச் சட்டென்று மறுபடி பிடிக்கலாம். 25இல் தொடங்கும் சின்ன ஸ்கோப்பில் ஒரே மாதிரி இருக்கும் பாறைகளுக்கு நடுவே அந்த ஒரு பாறையைத் தேடுவது பெரும் பாடு.

கானல்

வெயில் ஏறிய பிறகு சூடான தரையிலிருந்து எழும் காற்றும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றும் கலந்து, ஒளியை நொடிக்கு நொடி வெவ்வேறு பக்கம் வளைக்கும். ஸ்கோப்பில் பார்த்தால் கொம்பு தண்ணீருக்கடியில் இருப்பது போல நெளியும். எவ்வளவு காசு கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் சரிசெய்யாது, பெருக்கத்தைக் கூட்டினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். பல நண்பகல்களில் 30 எக்ஸுக்கு மேல் போவதே வீண். மேகம் மறைக்கும் வரை, அல்லது மறுநாள் காலை வரை காத்திருப்பதுதான் வழி. 60 எக்ஸ் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் ஒரே ஒரு முறை மதிய வெயிலில் கூழாங்கல் சரிவைப் பார்த்தால் போதும்.

எடைக் கணக்கு

85 மி.மீ. ஸ்கோப், ஐபீஸோடு (கண் வைத்துப் பார்க்கும் பின்பக்க லென்ஸ் பகுதி) சேர்த்து இரண்டு கிலோவை நெருங்கும். 50 முதல் 56 மி.மீ. வரையிலான ஸ்கோப்கள் பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் அடங்கும். 2022இல் வந்த ஸ்வரோவ்ஸ்கி ஏடிசி 17-40×56, முன் லென்ஸில் ஃபுளோரைட் படிகம் வைத்த கோவாவின் 15-45×55, வோர்டெக்ஸ் ரேசரின் 11-33×50 எல்லாம் இந்த வகை. இன்னும் லேசாக, அரைக் கிலோவுக்கும் குறைவாக, கோவாவின் 20-40×50 போன்றவையும் இருக்கின்றன. அந்தியில் அவை சீக்கிரம் கையை விரித்துவிடும், ஆனால் பகலில் எல்க் கிளை எண்ணுவதற்குப் போதும்.

ஒரு கிலோ வித்தியாசத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். ஒரு வாரத்துக்கான பை 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அலாஸ்காவில் பல இடங்களுக்குப் பைப்பர் சூப்பர் கப் போன்ற குட்டி விமானத்தில்தான் போக முடியும், அதில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. வேட்டை கிடைத்துவிட்டால் உண்ணத்தக்க இறைச்சியை விட்டுவிட்டு வரக்கூடாது என்பதும் அங்கே சட்டம், திரும்பும் வழியில் சுமை பல மடங்கு கூடும். கனமான ஸ்கோப்பின் உண்மையான ஆபத்து வேறு: அலுப்பில் அதைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுவோம்.

டிரைபாட் இல்லாமல் ஸ்கோப் இல்லை

30 எக்ஸ் என்றால் உங்கள் நடுக்கமும் 30 மடங்கு. கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது, பையின் மேல் சாய்த்துப் பார்ப்பதும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. நல்ல ஸ்கோப்பைத் தள்ளாடும் டிரைபாடில் வைப்பதைவிடச் சுமாரான ஸ்கோப்பை உறுதியான டிரைபாடில் வைப்பது மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன், வளையம் எண்ணும் வேலையில் அசையாமல் இருப்பதுதான் பாதி.

கார்பன் ஃபைபர் கால்களும், ஸ்கோப்பை உதறாமல் மெல்லத் திருப்ப உதவும் சின்ன ஃபுளூயிட் ஹெட்டும் சேர்த்து ஒன்று, ஒன்றரைக் கிலோவில் முடிக்கலாம். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்றில் முதலில் ஆடுவது அதுதான். உட்கார்ந்து பார்க்கும் உயரத்துக்குக் கால்களைச் சுருக்கி, பையைக் கீழே தொங்கவிட்டால் லேசான டிரைபாடும் உறுதியாக நிற்கும். உயரமான டிரைபாடின் எடையை நீங்கள் சுமக்கத் தேவையில்லை என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

சாய்வா, நேரா; மற்ற சில்லறை விஷயங்கள்

ஐபீஸ் 45 பாகை மேல்நோக்கி வளைந்திருந்தால் அது சாய்வு வகை. தரையில் உட்கார்ந்து மேலே இருக்கும் சரிவைப் பார்க்கக் கழுத்துக்கு இதம், டிரைபாடும் தாழ்வாக இருந்தால் போதும். நேர் வகையில் பார்க்கும் திசையும் குழலின் திசையும் ஒன்றே என்பதால் விலங்கைச் சீக்கிரம் பிடிக்கலாம், பையிலும் ஒழுங்காகச் செருகிக்கொள்ளும், கீழ்நோக்கிப் பார்ப்பதற்கும் நல்லது. பள்ளத்தாக்கிலிருந்து மேலே பார்க்கிற வேட்டைக்கு நான் சாய்வைத்தான் பரிந்துரைப்பேன்.

ஈடி கண்ணாடி என்று போட்டிருந்தால் அது நிறப்பிறழ்ச்சியைக் குறைப்பதற்காக. லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் கொஞ்சம் வேறு இடத்தில் குவிப்பதால் விளிம்புகளில் ஊதா, பச்சை நிறம் கசியும், அதுதான் நிறப்பிறழ்ச்சி. வானத்தை ஒட்டி நிற்கும் வெள்ளைக் கிடாவின் கொம்பு விளிம்பில் அது பளிச்சென்று தெரியும், 30 எக்ஸில் இதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. மூக்குக் கண்ணாடி போடுபவர்கள் ஐ ரிலீஃப் எனப்படும், கண்ணுக்கும் ஐபீஸுக்கும் இடையில் விட வேண்டிய தூரம், 15 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பி அடைத்திருந்தால் மழையிலும் குளிரிலும் உள்பக்கம் பனி படியாது.

வாங்கும்போது

ஆன்லைனில் 40×60 என்று போட்டு மலிவு விலையில் விற்கும் ஒற்றைக் குழல் கருவிகள் ஏராளம். எண் உண்மையா என்று நீங்களே சோதிக்கலாம். முன் லென்ஸை வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்பி (சூரியன் பக்கம் கூடவே கூடாது), ஐபீஸை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு வெளிச்ச வட்டம் மிதக்கும், அதுதான் எக்ஸிட் பியூப்பில். ஐபீஸ் முன்னால் ஒரு ஸ்கேலைப் பிடித்து அதை அளந்துவிடலாம். 60ஐ 40ஆல் வகுத்தால் ஒன்றரை மி.மீ. வர வேண்டும். வட்டம் 4, 5 மி.மீ. அகலம் இருந்தால் அந்த 40 பொய். வட்டம் உருண்டையாக இல்லாமல் ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தால் உள்ளே எங்கோ ஒளியை மறிக்கிறார்கள் என்று பொருள்.

நல்ல ஸ்கோப்பையும் கடைக்குள் வைத்துத் தீர்மானிக்காதீர்கள், குழல் விளக்கின் கீழ் எல்லாமே தெளிவாகத்தான் இருக்கும். வெளியே எடுத்துப் போய், பொழுது சாயும் நேரத்தில், டிரைபாடில் மாட்டி, தூரத்துப் பலகையில் இருக்கும் சின்ன எழுத்தை மேல் பெருக்கத்தில் படித்துப் பாருங்கள். ஃபோகஸ் திருகில் தெளிவு ஒரே இடத்தில் டக்கென்று வந்து நிற்க வேண்டும். இதுவா அதுவா என்று முன்னும் பின்னும் திருகிக்கொண்டே இருக்க வைக்கும் ஸ்கோப்பை வைத்துவிட்டு வாருங்கள். வானத்தை ஒட்டிய மின்கம்பியைப் பார்த்து இரண்டு பக்கமும் நிறக்கோடு எவ்வளவு என்று கவனியுங்கள். அப்புறம் அதை டிரைபாடோடு சேர்த்துத் தராசில் வையுங்கள், இரண்டும் சேர்ந்து இரண்டரைக் கிலோவுக்குள் நின்றால் மேலே சுமக்கலாம். தாண்டினால் முதலில் குறைக்க வேண்டியது லென்ஸின் விட்டம், டிரைபாடின் உறுதியில் கைவைக்க வேண்டாம்.